மலைப்பாதை ஓடிய காரைக் கழுவும் முறை

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வந்த காரின் சக்கரத்தில் உடனே தண்ணீர் அடிக்காதீர்கள். சூடான பிரேக் டிஸ்க் சட்டென்று குளிர்ந்தால் கோணிப்போகலாம். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

கழுவுவதைச் சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். பிரேக் தூளில் இரும்புத் துகள் உண்டு. ஊட்டி ஈரத்தில் அது துருவேறி அலாய் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் தெளித்து, ஊதா நிறம் இறங்கியதும், காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

பாடியில் முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். பெயிண்டில் விழும் சுருள் கீறல்கள் பெரும்பாலும் இதைத் தவிர்ப்பதால் வருபவை. பிறகு கார் ஷாம்பு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகை எடுத்துவிடும், வேண்டவே வேண்டாம்.

பெயிண்டில் ஒட்டிய பைன் மரப் பிசினைச் சுரண்டாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அரை நிமிடம் வைத்து, மெதுவாக ஒற்றி எடுங்கள். அந்த இடத்தில் மெழுகும் போயிருக்கும்; மறுபடி பூசுங்கள். மூடுபனியில் பூசினால் மெழுகு காயாமல் திட்டுத்திட்டாக நிற்கும். வெயில் ஏறிய பின், நிழலில் நிறுத்திப் பூசுங்கள்.