உடும்பு வேணாம், கைய விட்டாப் போதும்: மொதல் மானிட்டர் பல்லி வாங்கப் போறவங்களுக்கு

போன மாசம் ஏற்காடு அடிவாரத்துல டீ குடிச்சிட்டு இருந்தேன், தெரிஞ்ச பையன் ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்து "அண்ணா, ஒரு உடும்புக் குட்டி கெடைக்கும்ங்கறாங்க, வாங்கி வளக்கட்டுமா"ன்னு யாருக்கும் கேக்காத மாதிரி கேட்டான். "ஏன்டா தம்பி இவ்ளோ மெதுவாக் கேக்கற, அப்பவே உனக்குத் தெரியுதுல்ல"ன்னேன். அவனுக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா எழுதறேன்.

நம்ம ஊரு உடும்ப மறந்துடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அது அட்டவணை 1, அதாவது புலி இருக்கற அதே லிஸ்ட்டு. மாட்டினா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். ரோட்டுல அடிபட்டுக் கெடந்துச்சு, நான் காப்பாத்தி வச்சிருக்கேன்ங்கற கதையெல்லாம் வேலைக்கு ஆகாதுங்க, அடிபட்டதப் பாத்தா வனத்துறைக்கு ஒரு போன், அவ்ளோதான் நம்ம வேலை.

அப்ப வெளிநாட்டு மானிட்டர், அதாவது நம்ம உடும்போட சொந்தக்காரப் பல்லிங்க. இதுலயும் பேப்பர் வேணும், ஏன்னா மானிட்டர் இனம் மொத்தமும் சைட்டிஸ்ங்கற, உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறதக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கு. 2022ல சட்டத்தத் திருத்தி, 2024 பிப்ரவரில விதி போட்டுட்டாங்க, அந்தப் பட்டியல்ல இருக்கற பிராணிய வச்சிருக்கறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியே ஆகணும். "பேப்பர் அப்புறம் வரும் சார்"னு ஒரு கடைக்காரர் என்கிட்டயும் சொன்னாரு, நான் செருப்ப மாட்டிட்டு வெளிய வந்துட்டேன்.

எந்த வகை வாங்கலாம்னா, என் ஓட்டு ஆக்கிங்கற சின்ன மானிட்டருக்குத்தான். ஆஸ்திரேலியாக்காரன், வாலோட சேத்து ரெண்டடி சுமாருக்கு நின்னுக்கும், வாலு முழுக்க முள்ளு முள்ளா இருக்கும், பயந்தா பாறை இடுக்குல போய் ஒடம்ப உப்பிட்டு ஒட்டிக்கும், இழுத்தா வராது, உடும்புப் பிடின்னா என்னன்னு அப்பப் புரியும். ஆஸ்திரேலியா வியாபாரத்துக்கு ஊர்வனவ வெளிய விடறதில்ல, அதனால மார்க்கெட்டுல இருக்கறது பெரும்பாலும் கூண்டுல பொறந்து வளந்ததுதான், புழு பூச்சித் தொந்தரவு கம்மி. சவானா மானிட்டர் வெல கம்மியா இருக்கேன்னு ஆசப்படாதீங்க, மேற்கு ஆப்பிரிக்கால இருந்து தண்ணி கூட இல்லாம வாடி வதங்கி வர்றது நெறைய, மூணு நாலு அடி வளந்துட்டா எட்டடிக்கு நாலடி பொட்டி கேக்கும், எலியாப் போட்டு ஊட்டி குண்டாக்கிச் சாகடிக்கறவங்கதான் அதிகம். வாட்டர் மானிட்டர் பத்தி பேசவே வேணாம், அதுக்கு வீட்டுல ஒரு ரூமையே எழுதி வைக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம். பிராணிய வாங்கறதுக்கு முன்னாடி பொட்டிய ரெடி பண்ணி ஒரு மாசம் காலியா ஓட்டிப் பாருங்க. ஆக்கிக்கு கொறஞ்சது நாலடிக்கு ரெண்டடி. வெயில் காயற கல்லு மேல 55ல இருந்து 60 டிகிரி வேணும், ஆமா செல்சியஸ்தான், இன்ஃப்ராரெட் கன் வாங்கி கல்லுல அடிச்சுப் பாருங்க, காத்துச் சூட்ட அளந்து ஏமாறாதீங்க. ஒரே பெரிய பல்ப மாட்டினா முதுகுல ஒரு எடம் மட்டும் வெந்துடும், வயித்துக்கு சூடே போகாது, அதனால சின்ன ஹாலஜன் ரெண்டு மூணு பக்கத்துல பக்கத்துல. கூடவே யூவிபி டியூபு (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரக் குடுக்கற லைட்டு), ஜன்னல் வெயில் கண்ணாடி வழியா வந்தா அந்தக் கதிர் வராது.

வெளிநாட்டு வீடியோ எல்லாம் சூடு எப்படி ஏத்தறதுன்னுதான் சொல்லும். சேலத்துல பிரச்சன தலைகீழ். ஏப்ரல் மே மாசம் ரூமே 37, 38னு நிக்கும்போது பொட்டியோட குளிர்ச்சிப் பக்கம் எங்க இருந்து வரும்? மண்ணுல இருந்துதான். செம்மண்ணும் மணலும் கலந்து ஒரு அடிக்கு மேல போடுங்க, கையில புடிச்சு அமுக்கினா கொழுக்கட்ட மாதிரி நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது, அதுவே வங்கு தோண்டி உள்ள போயிக்கும். பூச்சி மருந்து அடிச்ச தோட்டத்து மண்ணு மட்டும் வேணாம். ஏற்காட்டுல இருக்கறவங்களுக்கு இதே கணக்கு மாறும், டிசம்பர் ராத்திரி அங்க நடுங்கும், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், சூட்டுக்குத் தக்கபடி தானா ஆஃப் ஆகற தெர்மோஸ்டாட்டோட வேணும், கரண்ட் போனா என்ன பண்றதுன்னும் யோசிக்கணும்.

நேர்ல பாக்கும்போது, கண்ணு தெளிவா இருக்கா, வாலு அடி சதப் பிடிப்பா இருக்கா, வெரல் நுனியில பழைய தோல் வளையம் மாதிரி இறுக்கிட்டு இருக்கான்னு பாருங்க (அத விட்டா வெரலே போயிடும்). வாயில நொர, மூச்சுல சத்தம் இருந்தா வேணாம். ரொம்பப் பிஞ்சுக் குட்டி எடுக்காதீங்க, நாலஞ்சு மாசமானது நல்லது. நம்ம கண்ணு முன்னாடி ஒரு வெட்டுக்கிளி போடச் சொல்லுங்க, நல்ல ஆக்கி நாக்க நீட்டி நீட்டி மோந்துட்டு ஒரே பாய்ச்சல்ல புடிக்கும். மூலைல படுத்துட்டு அசையாம இருந்தா "சாதுவா இருக்கு சார்"ம்பாங்க, அது சாது இல்ல, சீக்கு.

தீனி வெட்டுக்கிளி, தீனிக்குன்னே வளக்கற டூபியா கரப்பான், மேல கால்சியம் பவுடர். சமையக்கட்டுல ஓடற கரப்பானப் புடிச்சுப் போடாதீங்க, எந்த வீட்டு மருந்தத் தின்னுட்டு வந்துச்சோ. டாக்டர முன்னாடியே தேடி வைங்க, நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு போன் போட்டு ஊர்வன பாப்பீங்களான்னு கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. நல்லா வச்சிருந்தா 15 வருஷம் கூட இருக்கும், உங்க கல்யாணம், வேலை மாத்தல் எல்லாத்துலயும் அந்தப் பொட்டி கூட வரும்.

அந்தப் பையன் பொட்டிய செஞ்சுட்டான், பல்பும் ஓடுது, உள்ள ஒண்ணும் இல்ல. போன வாரம் கேட்டா, "அம்மா அந்த மண்ணுல வெந்தயம் போட்டுட்டாங்கண்ணா"ங்கறான். மொளச்சிருச்சாம்.