காளான் அறை ஃபேன் இரைச்சல்: என் அனுபவம்

செங்கோட்டைப் பக்கம் சிப்பிக் காளான் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனை மேற்குச் சுவரில் வைக்கவே கூடாது. ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாய் வழியாக வரும் காற்று எதிரே அடிக்கும். ஃபேன் திணறி உறுமும். எங்கள் அறையில் கிழக்குச் சுவருக்கு மாற்றியதும் அந்த உறுமல் நின்றது.

மீதிச் சத்தம் இரண்டு வகை. சுவரில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் அது மோட்டார் அதிர்வு. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பழைய லாரி டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாக வைத்து, போல்ட் தலைக்கும் ரப்பர் வாஷர் போட்டேன். ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்கினால் அதிர்வு மறுபடியும் சுவருக்கு ஏறிவிடும்.

இன்னொன்று காற்றின் இரைச்சல். அது வேகத்தால் வருவது. 9 இன்ச் ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட 12 இன்ச் ஃபேனை மெதுவாக ஓட்டுவது எவ்வளவோ மேல். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். சத்தமோ சுமார் 5 டெசிபல் இறங்கும். டிம்மர் வகை ரெகுலேட்டரில் மோட்டார் முனகும், கெப்பாசிட்டர் வகையே வாங்குங்கள். ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள்: காளானின் காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை, ஒரு படி ஏற்றுங்கள்.

அறைக்குள் ஃபோம் ஒட்டவே வேண்டாம். 85 சதவீத ஈரப்பதத்தில் அதில் பூசணம் பிடித்துக் காளான் வளரும் பைகளுக்கும் பரவும்.

இறகில் காளான் வித்துத்தூள் ஒருபக்கமாகப் படிந்தாலும் ஃபேன் ஆடிச் சத்தம் போடும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கரண்டை நிறுத்தி, முகமூடி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.