நெடுந்தூரம் ஓடுபவர்கள் இதயத் துடிப்பு விஷயத்தில் செய்யும் தவறுகள்

"தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேனே, எனக்கு இதயத்தில் என்ன வந்துவிடப் போகிறது?" மாரத்தான் ஓடுபவர்களிடமும் சைக்கிள் மிதிப்பவர்களிடமும் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பார்த்தால் அதில் நியாயம் உண்டு. துடிப்பின் தாளம் அப்படியல்ல.

ஸ்வீடனில் வாசலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கிறது. 1989 முதல் 1998 வரை அதை முடித்த 52,000-க்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியானது. ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு, ஒரே முறை முடித்தவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். அவற்றில் முக்கியமானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இதற்காக ஓட்டத்தை விட வேண்டாம். உடல் காட்டும் அறிகுறிக்குச் சாக்கு சொல்வதைத்தான் விட வேண்டும்.

முதல் சாக்கு, வாட்ச். 140-ல் போய்க்கொண்டிருந்த துடிப்பு திடீரென்று 200-ஐத் தாண்டினால் "வாட்ச் சரியில்லை" என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் கருவி சில நேரம் காலடி வேகத்தையே துடிப்பாக எண்ணிவிடும், உண்மைதான். ஆனாலும் ஓட்டத்தை நிறுத்தி, நாடியில் விரல் வைத்துப் பாருங்கள். தாளம் தாறுமாறாக இருந்தாலோ, வழக்கமான வேகத்துக்கே மூச்சு வாங்கினாலோ, அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அங்கேதான் அடுத்த தவறு. ஈசிஜி நார்மல் என்றதும் நிம்மதியாக வந்துவிடுகிறோம். ஈசிஜி பதிவதோ சில நொடிகள்; இந்தக் கோளாறோ வந்து வந்து போவது. எப்போது, என்ன செய்யும்போது வருகிறது என்று விவரமாகச் சொன்னால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் கருவி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஓய்வில் துடிப்பு நாற்பதுகளில் இருப்பது பயிற்சி பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இயல்பே. கூடவே தலைசுற்றல் இருந்தால் அதைப் பெருமையாகச் சொல்லித் திரியக் கூடாது.

மயக்கம் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். ஓடும்போதே மயங்கி விழுவது எப்போதும் அவசரம். பந்தயம் முடிந்து நின்றதும் வருவது பெரும்பாலும் கால்களில் ரத்தம் தேங்குவதால்தான், ஆனால் எல்லா நேரமும் அல்ல. இத்தாலிய சைக்கிள் வீரர் சோனி கோல்பிரெல்லி 2022 மார்ச்சில், ஸ்பெயினின் கட்டலோனியாவில் நடந்த பல நாள் பந்தயத்தின் முதல் கட்டத்தை இரண்டாவதாக முடித்த கையோடு இதயம் நின்று விழுந்தார். நெஞ்சை அழுத்தியும் மின் அதிர்ச்சி கொடுத்தும் காப்பாற்றினார்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

அப்புறம் காய்ச்சல். வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசை அழற்சியை மோசமாக்கி, ஆபத்தான துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விடலாம். தவறிப்போகும் ஒரு வாரப் பயிற்சியை அப்புறம் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உறுதியானவர்கள், படபடப்பு நின்றதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். உங்களுக்கு அந்த மாத்திரை வேண்டுமா, எவ்வளவு நாள் என்பதை வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பயிற்சியை எவ்வளவு குறைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பலருக்கு முழுவதுமாக நிறுத்தத் தேவையிருக்காது.