சின்னப் பிள்ளைகளுக்கு செய்முறை கற்றுக்கொடுக்கும் அண்ணன், அக்காக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ டிப்ளமோ, பி.இ. படிக்கிற ஒருவர், லீவு நாளில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து மோட்டாரும் பல்பும் வைத்து ஏதாவது செய்யக் கற்றுக்கொடுத்தால் அது பெரிய காரியம். அதைக் கெடுத்துவிடும் தவறுகள் சில உண்டு.

எல்லாவற்றிலும் மோசமானது, "குடுடா, நான் பண்றேன்" என்று ஸ்க்ரூடிரைவரைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிவிடுவது. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வயர் கழன்றால் அதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் பிள்ளை முழிக்கும். செய்துகாட்டத்தான் வேண்டுமென்றால் உங்களுக்கென்று தனி செட் வைத்துக்கொள்ளுங்கள். செய்துகாட்டிவிட்டு அதையும் பிரித்துப் போட்டுவிடுங்கள். பிள்ளையின் செட்டில் கை வைக்கவே கூடாது. உதாரணமாக, 3 வோல்ட் பட்டன் செல்லில் எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டினால் எரியாது, கெட்டும் போகாது (நீளமான கால்தான் பிளஸ்). "எந்தக் கால் நீளமா இருக்கு, அது எந்தப் பக்கம் போயிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்தது, எடுத்த எடுப்பில், தரையில் போட்ட கோட்டின் மேலேயே ஓடும் ரோபோவைச் செய்ய வைப்பது. சென்சார், மோட்டார் டிரைவர், கோடிங் என்று எல்லாம் உங்கள் தலையில் விழும், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். மழைக்காலத்தில் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தெருவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தண்ணீர் ஏறினால் கத்தும் அலாரத்திலிருந்து தொடங்கலாமே. ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சின்ன பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி போதும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற நடுக் காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாக இன்னொரு வயர். இரண்டு முனையையும் தண்ணீர் தொட்டதும் அதன் வழியே துளி மின்சாரம் பேஸுக்குப் போகும், டிரான்சிஸ்டர் திறந்து பஸ்ஸர் கத்தும். அப்புறம் கேன் தண்ணீர், போர் தண்ணீர், உப்புத் தண்ணீர் மூன்றிலும் சத்தம் மாறுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே அவர்களை எழுதி வைக்கச் சொல்வது முக்கியம்.

பஸ்ஸருக்குச் சரிப்படும் அதே 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்கும் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. மோட்டார் கேட்கிற அளவு கரண்ட்டை அதனால் கொடுக்க முடியாது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடும், பிள்ளையோ தான்தான் தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைக்கும். மஞ்சள் கியர் மோட்டாருக்கு 4 பென்சில் செல் போடுங்கள். மோட்டாரை நேராக ஆர்டுயினோ (கோடிங் ஏற்றும் சின்ன கன்ட்ரோல் போர்டு) பின்னில் மாட்டவும் விடாதீர்கள். ஒரு பின் 40 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது.

பையன்களிடம் கருவியையும் பெண் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தையும் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக் கருவியைக் கைமாற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பதும் தவறு. அவர்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு நடுவில் வளர்கிறவர்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறார்கள். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் வீட்டில் ஃபிட்டரோ வெல்டரோ இருந்தால் ஒருநாள் வரச் சொல்லிக் கேளுங்கள், வருவார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சால்டரிங் முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு, சால்டரிங் இல்லாமல் வயரைச் செருகும் பிரெட்போர்டே போதும். 230 வோல்ட் பிளக் பக்கம் போகவே வேண்டாம். காயலான் கடையில் கிடைக்கும் பழைய லேப்டாப் பேட்டரி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பட்டன் செல்லைக் கைக்குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அரித்துவிடக்கூடும். அதனால் கொடுத்த செல்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டுதான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.