வண்டியைக் கிளப்பும் முன் கேஸை மூடுவது எப்படி? மோட்டார்ஹோமுக்குப் புதியவர்களுக்கு

"ரெகுலேட்டரை மூடினியா?" என்று ராத்திரி படுக்கும் முன் அம்மா கேட்காத வீடு நம்மில் உண்டா? அந்தக் கேள்வி கேட்டே வளர்ந்த நான்தான் இங்கிலாந்தில் முதல்முறை மோட்டார்ஹோம் (உள்ளேயே அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்தபோது கோட்டை விட்டேன். லேக் டிஸ்ட்ரிக்டில் இருந்து கிளம்பி, வழியில் டீசல் போட பங்கில் நிறுத்தியபோதுதான் கண்ணில் பட்டது: ஃப்ரிட்ஜ் இன்னும் கேஸில் ஓடிக்கொண்டிருந்தது. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்து பம்பில் ஒருவர் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தார். வியர்த்துவிட்டது.

"அடுப்பைத்தான் அணைத்துவிட்டோமே" என்று நினைக்கலாம். அடுப்புத் திருகை மூடினால் அடுப்புக்குத்தான் கேஸ் நிற்கும். சிலிண்டரில் இருந்து அடுப்பு வரை குழாய் முழுக்க கேஸ் அப்படியேதான் இருக்கும். அதிலும் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் உள்ள ஹோஸில் அழுத்தம் மிக அதிகம். வெயில் நாளில் புரோபேன் சிலிண்டருக்குள் 7 பார் அளவுக்கு இருக்கும். ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாராக, அதாவது வெறும் 0.03 பாராகக் குறைத்துத்தான் உள்ளே விடுகிறது. வண்டி எங்காவது மோதி அந்த ஹோஸ் பிய்ந்தால் என்ன ஆகும்? அதனால் மூட வேண்டிய இடம் சிலிண்டர்தான்.

1. முதலில் ஃப்ரிட்ஜ். அதன் திருகை கேஸில் இருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். வண்டி ஓடும்போது இன்ஜின் தரும் கரண்டிலேயே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொள்ளும். தானே மாறிக்கொள்ளும் வகை ஃப்ரிட்ஜும் உண்டு. அது இருந்தாலும் அடுத்த படிகளை விடக் கூடாது.

2. ஹீட்டர், வெந்நீர் பாய்லர் இரண்டையும் அணையுங்கள். அடுப்பில் ஒரு பர்னரை மட்டும் சிறிதாக எரிய விடுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

3. வெளியே இறங்கி கேஸ் பெட்டியைத் திறங்கள். சிலிண்டர் வால்வைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் மூடும். கையால் இறுகினால் போதும், ஸ்பானர் வேண்டாம். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வால்வுக்குப் பக்கத்தில் ஹோஸை இணைக்கும் பித்தளை நட்டு ஒன்று இருக்கும். புரோபேன் சிலிண்டரில் அதன் மரை தலைகீழானது, இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். "மூடுகிறேன்" என்று அதைப் பிடித்து வலப்பக்கம் திருகினால் கழன்று வரும்! கை வைக்க வேண்டியது மேலே உள்ள கைப்பிடியில் மட்டும். நீல நிற பியூட்டேன் சிலிண்டராக இருந்தால், நம்மூர் போலவே மேலே பொருத்தும் ரெகுலேட்டர் இருக்கலாம். அதன் திருகை ஆஃப் பக்கம் திருப்பினால் வேலை முடிந்தது. இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டையும் மூடுங்கள்.

4. உள்ளே போய் அடுப்பைப் பாருங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸில் சுடர் கொஞ்ச நேரம் எரியும். பிறகு சுருங்கி, நடுங்கி, ஒரு சின்ன 'பப்' சத்தத்தோடு அணையும். சிலிண்டர் உண்மையிலேயே மூடியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இரண்டு மூன்று நிமிடமாகியும் எரிந்தால் வால்வு சரியாக மூடவில்லை. அணைந்ததும் பர்னர் திருகையும் மூட மறக்காதீர்கள்.

5. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி குட்டி வால்வுகள் இருக்கும், பெரும்பாலும் சமையல் பக்கத்து அலமாரிக்குள். லீவர் குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் அடைப்பு. எல்லாவற்றையும் குறுக்காக வையுங்கள்.

6. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா, பட்டை இறுக்கமா என்று பாருங்கள். பெட்டியின் அடியில் உள்ள ஓட்டைகளைத் துணியோ செருப்போ வைத்து அடைக்காதீர்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

எந்தப் படியிலாவது கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள். வெளியே இருந்தபடி சிலிண்டரை மூடுங்கள்.

மோதல் சென்சார் உள்ள ரெகுலேட்டர் (வண்டி மோதினால் தானே கேஸை நிறுத்திவிடும்) இருந்தால் ஓடும்போதும் ஹீட்டர் போடலாம் என்பார்கள். உண்மைதான், அது அதற்காகவே செய்யப்பட்டது. ஆனாலும் பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் மூடத்தான் வேண்டும். பிரான்சுக்குப் போக கப்பலில் ஏறினாலும், ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் ஏறினாலும் கேஸ் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. வாடகை வண்டியில் என்ன ரெகுலேட்டர் இருக்கிறது என்று தெரியாதவர்கள் மூடிவிட்டே ஓட்டுங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

மறதிக்கு என் வைத்தியம் ஒரு சிவப்புத் துணி. கேஸைத் திறந்ததும் அதை ஸ்டீயரிங்கில் கட்டிவிடுவேன், சுடர் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பேன். "ஏங்க, கேஸ் மூடியாச்சா?" என்று மனைவி கேட்டால் துணியைக் கையில் எடுத்துக் காட்டுவேன். வெறும் "ஆச்சு" எங்கள் வண்டியில் செல்லாது.

போய்ச் சேர்ந்ததும் வால்வை மெதுவாகத் திறங்கள். படக்கென்று திறந்தால், ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொள்ளும், அடுப்பு பற்றாது. பல வண்டிகளில் ஹோஸ் முனையில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கும். அதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் கேஸ் மறுபடி வரும். இது தெரியாமல் மழையில் நனைந்துகொண்டு அரை மணி நேரம் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தவனும் நானேதான்.