சைவச் சாப்பாட்டிலேயே கொழுப்பைக் குறைத்து இரும்பை ஏற்றுவது எப்படி?

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். மேலே, ஹீமோகுளோபின் கீழே. சைவம் சாப்பிடுகிற வீடுகளில், முக்கியமாகப் பெண்களுக்கு, இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் வருவது சகஜம். முட்டைகூடத் தொடாதவருக்குக் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். செடி கொடியில் விளைகிற எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாதுதான் (அதனால்தான் எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதற்குப் பெரிய அர்த்தமில்லை). உடம்புக்குத் தேவையானதைக் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது, நெய், பால், பாமாயில், தேங்காய் எண்ணெயில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் எல்.டி.எல். இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்கிற பயறு, சிறுதானியம், ஓட்ஸ் எல்லாவற்றிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது, அது இரும்பை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். ஆகவே சாமானை மாற்றினால் மட்டும் போதாது, சமைக்கிற விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

1. ரிப்போர்ட்டை முழுசாகப் பாருங்கள்

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் இரத்தசோகை. ஆனால் அதற்கு முன்பே உடம்பில் இரும்பின் இருப்பு காலியாக ஆரம்பித்திருக்கும், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அதையும் கேட்டு எடுங்கள். கூடவே பி12, ஏனென்றால் சைவர்களுக்கு அது குறைவது அதிகம், சோர்வும் அதே மாதிரிதான் இருக்கும். கொழுப்பும் கூடி இரத்தமும் குறைந்திருந்தால் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது, சுரப்பு குறைந்தால் இரண்டுமே வரலாம். ஃபெரிட்டின் தெரியாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) மரபணு இருப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இருக்காது.

2. எண்ணெய்க் கணக்கும் பால் கணக்கும்

மளிகை பில்லை எடுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், கொஞ்சம் கூடினால் 600 மி.லி., அதுதான் அளவு. நாலு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் போகிறதென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் பரவாயில்லை. ரேஷன் பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்புதான், தேங்காய் எண்ணெயில் இன்னும் மோசம். சட்னிக்கு அரைக்கிற தேங்காயைக் கண்டு பயப்பட வேண்டாம், அளவு பார்த்தால் போதும். பேக்கரி பஃப்ஸையும் வனஸ்பதியில் செய்த பலகாரத்தையும் நிறுத்திவிடலாம்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6%, நீலத்தில் 3%. தினம் அரை லிட்டர் என்றால் 30 கிராம், அதையே நீலத்துக்கு மாற்றினால் 15. எதையும் விட்டுக்கொடுக்காமல் செய்யக்கூடிய மாற்றம் இதுதான், காபி மட்டும் முதல் வாரம் கொஞ்சம் தண்ணியாகத் தெரியும்.

3. ஊறவை, முளைகட்டு, புளிக்கவை

மொத்தத்தில் அதிகம் பலன் தருவது இந்தப் படிதான். 100 கிராம் கொள்ளில் 8 மி.கி.க்கு மேல் இரும்பு இருக்கிறது, கரையும் நார்ச்சத்தும் உண்டு. கொள்ளை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசி, ஈரத்துணியில் தளர்வாக முடிந்து ஒரு வடிகட்டியில் வையுங்கள். மதியம் ஒரு தடவை தண்ணீர் தெளியுங்கள். மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும்போது தானியமே ஃபைட்டேட்டை உடைத்துவிடுகிறது. குக்கரில் வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கேழ்வரகை ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதோடு கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயமும் சும்மா இல்லை: வெங்காயமும் பூண்டும் சேர்த்தால் தானியத்திலிருந்து இரும்பு அதிகம் பிரிகிறது என்று மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய அரசின் உணவு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இட்லி தோசை மாவு ஏற்கெனவே புளித்ததுதான், அங்கே புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

4. ஒவ்வொரு வேளையும் வைட்டமின் சி

பெரிய நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, இந்த மூன்றும் போதும். சூட்டில் சத்து போய்விடும், அதனால் நெல்லிக்காயைப் பச்சையாகத் துருவித் தயிரில்லாமல் உப்பு, மிளகாய் போட்டுச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் இறக்கியபின் எலுமிச்சை. பீட்ரூட்டும் மாதுளையும் இரத்தம் ஊறும் என்பது நிறத்தை வைத்து வந்த நம்பிக்கை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மி.கி. இரும்புகூட இல்லை, மாதுளையில் அதைவிடக் குறைவு. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி., ஆண்களுக்கு 19 மி.கி. இரும்பு தேவை என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. காபியை நகர்த்துங்கள்

விடச் சொல்லவில்லை. எழுந்ததும் குடிக்கிற முதல் காபியால் தொல்லை இல்லை, டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிந்துவிடும். டிபனோடு சேர்த்தோ முடித்த கையோடோ குடிக்கிற இரண்டாவது டம்ளர்தான் இரும்பைத் தடுக்கிறது, தேநீர் இன்னும் அதிகமாகத் தடுக்கும். அதை பதினொரு மணிக்குத் தள்ளுங்கள். கால்சியம் மாத்திரை போடுபவர்கள் அதையும் இரும்பு உள்ள வேளையிலிருந்து பிரித்துவிடுங்கள்.

6. இரும்புச் சட்டி

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரிப் புளிப்பானவற்றை இரும்புச் சட்டியில் செய்தால் சட்டியிலிருந்தே இரும்பு இறங்கும். ஆனதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து உலோக வாடை வரும். கழுவியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

7. மறுபடி டெஸ்ட்

கொழுப்பையும் ஃபெரிட்டினையும் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி அதை நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, டாக்டர் தரும் இரும்பு மாத்திரையும் வேண்டும். மாத்திரை போடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை எதுவும் போடாமலே தார் மாதிரிக் கறுத்துப் போனால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள். இவ்வளவும் செய்து ஃபெரிட்டின் அசையவில்லை என்றால் எங்கேயோ இரத்தம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும்: அதிக மாதவிடாய், மூலம், வயிற்றுப்புண், கொக்கிப்புழு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்காமல் முதலிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.