அழைப்பைப் பிரித்துப் பார்க்கக் கற்பியுங்கள்

குரல், காணொளி, செய்தி ஆகியவற்றை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த தகவல்தொடர்பு அமைப்புகளை நிறுவிப் பராமரிக்கத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பயிற்றுவிப்போர், நிர்வாகத் திரையைக் காட்டுவதற்கு முன்பே, ஆய்வகத்தில் ஓர் அழைப்பை, நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளைப் (சிறு தரவுத் துண்டுகளைப்) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளால் பதிவுசெய்து, அதன் ஒவ்வொரு கட்டத்தையும் பயிற்சி பெறுவோரையே விளக்கச் சொல்ல வேண்டும். அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திகள் வழக்கமாக 5060 அல்லது 5061 ஆம் போர்ட் (எண்ணிட்ட நெட்வொர்க் வாயில்) வழியே செல்ல, குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகள் வேறு போர்ட்டுகளில் தனியே பயணிக்கின்றன என்பதை நேரில் கண்டவருக்கே, அழைப்பு இணைந்த பின்னும் ஒருவர் குரல் மட்டும் கேட்கும்போது அந்தக் குரல் போர்ட்டுகளைத் தடுக்கக்கூடிய ஃபயர்வாலை (நெட்வொர்க் பாதுகாப்புத் தடுப்பை) முதலில் சோதிக்கத் தோன்றும். இதுவே என் உறுதியான கருத்து. பிறகு, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய ஆகும் ஒருவழித் தாமதத்தை 150 மில்லிவினாடியிலிருந்து 400 வரை படிப்படியாகக் கூட்டி, உரையாடல் தடுமாறுவதைக் கேட்கச் செய்யுங்கள். குரலுக்கு முன்னுரிமை தரும்படி பாக்கெட்டில் இடப்படும் டிஎஸ்சிபி 46 குறியீடு, வழியிலுள்ள ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சிலும் மாறாமல் செல்கிறதா என்பதையும் அவர்களே சரிபார்க்கட்டும்.